பெட்டி டி.வி.யும் ஸ்டூடியோ மானிட்டரும்: பழைய வீடியோ கேம்களுக்கான படக்குழாய்த் திரைகள்

பழைய வீடியோ கேம்களை ஆடப் பயன்படும் படக்குழாய்த் திரைகள் இரண்டு குலத்தைச் சேர்ந்தவை. ஒன்று, வீட்டுக்கென்று விற்கப்பட்ட வண்ணத் தொலைக்காட்சி. இன்று ‘பெட்டி டி.வி.’ என்று அழைக்கப்படுவது. மற்றது, தொலைக்காட்சி நிலையத்திலும் படத்தொகுப்பு அறையிலும் மருத்துவமனை அறுவை அரங்கிலும் வேலை செய்த மானிட்டர். சோனி நிறுவனம் இவற்றை இரண்டு வரிசைகளாக விற்றது: ‘புரொஃபஷனல்’ வரிசை, அதற்கும் மேலான ‘பிராட்காஸ்ட்’ வரிசை. ஆங்கிலத்தில் முதலெழுத்தால் வேறுபடும் இவ்விரண்டின் சுருக்கப் பெயர்களையும் தமிழில் எழுதினால் ‘பி.வி.எம்.’ என்றே வரும். குழப்பத்தைத் தவிர்க்க இங்கே இரண்டும் ஸ்டூடியோ மானிட்டர் என்றே குறிக்கப்படுகின்றன. ஜே.வி.சி., இக்கெகாமி, பார்கோ நிறுவனங்களும் இவ்வகை மானிட்டர்களைச் செய்தன.

வெளிநாட்டுச் சேகரிப்பாளர்களிடையே ஸ்டூடியோ மானிட்டர் உயர்ந்தது, வீட்டுப் பெட்டி தாழ்ந்தது என்ற எண்ணம் ஊன்றிவிட்டது; விலையும் அதற்கேற்ப ஏறிவிட்டது. எந்தக் கருவியை, எந்தக் கம்பி வழியாக, எந்த ஊரில் இணைக்கிறோம் என்று கேட்டால் அந்த வரிசை பல இடங்களில் கலைந்துவிடுகிறது. அதைச் சோதித்துப் பார்க்கத் திருவண்ணாமலை பொருத்தமான ஊர். அங்கு வீட்டுப் பெட்டிகளுக்குக் குறைவில்லை. ஸ்டூடியோ மானிட்டரோ வெளியூரிலிருந்து வந்தாக வேண்டும். பூமியின் காந்தப்புலமும் அந்த ஊரில் படக்குழாய்களிடம் தனியாக நடந்துகொள்கிறது.

பெட்டிகள் நிறைந்திருப்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2006 தேர்தலுக்குப் பின் அமைந்த தி.மு.க. அரசு இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தைக் கொண்டுவந்து, 2011க்குள் மாநிலம் முழுவதும் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட 14 அங்குலப் பெட்டிகளை வழங்கியது. உலகின் பிற இடங்களில் தட்டைத் திரை படக்குழாயை ஓரங்கட்டிக்கொண்டிருந்த அதே ஆண்டுகளில், தமிழ்நாட்டுக் கிராமங்களுக்குப் புத்தம்புதிய படக்குழாய்கள் வந்து இறங்கின. 2017 முதல் அரசு கேபிள் நிறுவனம் கொடுத்த செட்டாப் பாக்ஸ்களும் மஞ்சள், சிவப்பு, வெள்ளை ஏவி கம்பியால் இந்தப் பெட்டிகளோடு இணைந்து அவற்றின் ஆயுளை நீட்டித்தன. கேம் ஆட வேண்டுவதும் அதே ஏவி துளைதான். இவற்றுக்கு முந்தைய தலைமுறையாக டயனோரா, சாலிடேர், ஓனிடா, வீடியோகான், பி.பி.எல். பெட்டிகளும், பிந்தைய தலைமுறையாக சோனி, எல்.ஜி., சாம்சங் நிறுவனங்களின் 21 அங்குலத் தட்டைமுகப் பெட்டிகளும் இருந்தன.

திரைக்கு முன் சிக்னலைப் பார்க்க வேண்டும். இந்தியத் தொலைக்காட்சி ‘பால்’ முறையைச் சேர்ந்தது: 625 கோடுகள், நொடிக்கு 50 புலங்கள். ஒரு முழுப் படம் இரண்டு புலங்களாகப் பிரிந்து, ஒற்றைப்படைக் கோடுகள் முதலிலும் இரட்டைப்படைக் கோடுகள் அடுத்தும் வரையப்படும். பழைய கேம் கருவிகள் இந்த ஏற்பாட்டில் ஒரு குறுக்குவழி கண்டன. புலத்தின் முடிவில் வர வேண்டிய அரைக்கோட்டை விட்டுவிட்டு, ஒவ்வொரு புலத்தையும் முந்தையதன் மேலேயே வரையவைத்தன. அதனால் 312 கோடுகள் கொண்ட நிலையான, நடுங்காத படம் கிடைத்தது. இடையில் வரையப்படாத கோடுகள் கருப்பு இடைவெளிகளாக நின்றன. பழைய கேம் ரசிகர்கள் கொண்டாடும் கோட்டுத் தோற்றம் அந்தக் குறுக்குவழியின் துணைவிளைவே.

1990களில் தமிழ்நாட்டு வீடுகளில் ‘டி.வி. கேம்’ என்று சொல்லப்பட்டது பெரும்பாலும் 1983இல் ஜப்பானில் வெளியான நின்டெண்டோ ஃபேமிகாமின் தைவான், சீன நகல்தான். மைக்ரோ ஜீனியஸ் அவற்றுள் பெயர் பெற்றது. கேசட்டைச் செருகினால் மாரியோவோ கான்ட்ராவோ வரும். பால் நாடுகளுக்கான நகல்களில் பல, நின்டெண்டோவின் அசல் ஐரோப்பியக் கருவியிலிருந்து ஒரு முக்கிய இடத்தில் வேறுபட்டன. தைவானின் யு.எம்.சி. நிறுவனம் செய்த சிப்கள் ஜப்பானியக் கருவியின் உள்கணக்கை அப்படியே வைத்துக்கொண்டு, வெளியே மட்டும் நொடிக்கு 50 புலங்கள் கொடுத்தன. அதனால் ஜப்பானுக்கும் அமெரிக்காவுக்கும் எழுதப்பட்ட கேசட்டுகள் தடுமாறாமல் ஓடின. ஆனால் 60க்குப் பதில் 50 என்பதால் ஆறில் ஒரு பங்கு மெதுவாக ஓடின. செயலியின் கடிகாரம் ஏறக்குறைய மாறாததால் இசையின் சுருதி ஒரு சதவீதம் அளவே இறங்கியது, தாளம் மட்டும் நிதானமானது. தமிழ்நாட்டுப் பிள்ளைகள் காதில் பதிந்த மாரியோ பாட்டு ஜப்பானியப் பிள்ளைகள் கேட்டதைவிடச் சாவகாசமானது.

இந்த நகல்களின் சிக்னலை ஸ்டூடியோ மானிட்டருக்குக் கொடுத்தால் என்ன கிடைக்கும்? பலர் எதிர்பார்ப்பதைவிடக் குறைவு. ஸ்டூடியோ மானிட்டரின் பெரிய பலம், சிவப்பு, பச்சை, நீலம் மூன்றையும் தனித்தனிக் கம்பிகளில் வாங்கிக்கொள்வது. சூப்பர் நின்டெண்டோ, சேகா மெகா டிரைவ், பிளேஸ்டேஷன் ஆகியவை அப்படித் தனித்தனியாகவே தர வல்லவை. ஃபேமிகாம் குடும்பம் அப்படியல்ல. அதன் படச் சிப்புக்குள்ளேயே ஒளியும் நிறமும் கலந்து ஒரே சிக்னலாகப் பிறக்கின்றன. பிரித்துத் தர உள்ளே எதுவும் இல்லை. கருவியைத் திறந்து தனிப் பலகை பொருத்தினால் ஒழிய, எவ்வளவு விலை உயர்ந்த மானிட்டரும் அந்தக் கலந்த சிக்னலைத்தான் காட்டும். நல்ல மானிட்டர் அதன் குறைகளை, அதாவது நிற விளிம்புகளில் ஊரும் புள்ளிகளையும் கசியும் வண்ணங்களையும், இன்னும் கூர்மையாகக் காட்டும்.

அத்தோடு, ஸ்டூடியோ மானிட்டரில் டியூனர் கிடையாது. ஆண்டெனா கம்பி வழியாக மட்டும் படம் அனுப்பும் மலிவான நகல்களை அதில் நேராக இணைக்க வழியில்லை. இடையில் ஒரு வி.சி.ஆர். வைத்து அதன் ஏவி வெளியீட்டை எடுக்க வேண்டும். துளைகளும் வீட்டுக் கம்பிக்குப் பொருந்தாத முறுக்கிப் பூட்டும் வகை. அதற்கு ஒரு மாற்றி தேவை. மாறாக, அமெரிக்காவிலிருந்து உறவினர் கொண்டுவந்த கருவியென்றால் மானிட்டர் வெல்லும். இந்தியாவின் பழைய பெட்டிகள் பால் நிறத்தை மட்டுமே அறியும். அமெரிக்கச் சிக்னலில் நிறம் வேறு அலைவரிசையில் வருவதால் அவற்றில் படம் கருப்பு வெள்ளையாகிவிடும், சில சமயம் உருளவும் செய்யும். ஸ்டூடியோ மானிட்டர் எந்த முறை வந்தாலும் தானே அடையாளம் கண்டுகொள்ளும். பிற்காலத்து வீட்டுப் பெட்டிகளில் பல இரு முறைகளையும் ஏற்கும்.

இனித் திரை. கூர்மையை அளக்கத் தொழிலில் ‘டி.வி. கோடு’ என்ற அளவு உண்டு: படத்தின் உயரத்துக்குச் சமமான அகலத்தில் எத்தனை செங்குத்துக் கோடுகளைப் பிரித்துக் காட்ட முடியும் என்பது. வீட்டுப் பெட்டிகள் சுமார் 300 முதல் 450 வரை தரும். சோனியின் 20எம்2 மானிட்டர் 600, 20எல்5 மானிட்டர் 800, பிராட்காஸ்ட் வரிசை 900ம் அதற்கு மேலும் தரும். கேம் தரப்பில் ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். ஃபேமிகாம் படத்தின் அகலம் 256 புள்ளிகள். திரையின் அகலமும் உயரமும் 4க்கு 3 என்பதால் அதற்குத் தேவையானது 192 கோடுகள். மெகா டிரைவின் 320 புள்ளிகளுக்கு 240 போதும். ஆக, சாதாரணப் பெட்டியின் குழாயே தேவைக்கு மேல் கூர்மையானது. அந்தப் பெட்டியில் விவரம் தொலைவது பெரும்பாலும் குழாயில் அல்ல, கலந்த சிக்னலிலிருந்து நிறத்தைப் பிரிக்கும் சுற்றில்தான். நிறம் அமர்ந்திருக்கும் 4.43 மெகாஹெர்ட்ஸ் பகுதியை வெட்டியெடுக்கும்போது அதைச் சுற்றியுள்ள நுண்மையும் சேர்ந்து போகிறது.

அப்படியானால் 800 கோடு எதற்கு? படத்தின் தோற்றத்துக்கு. கூர்மையான குழாயில் எலக்ட்ரான் கற்றை மெலிதாக விழும். கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவே கருப்பு தெளிவாகத் தெரியும். 14 அங்குலப் பெட்டியின் படம் ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் உயரம்; அதில் 288 கோடுகள் தெரிந்தால் ஒரு கோட்டின் இடம் 0.7 மில்லிமீட்டர். வீட்டுப் பெட்டியின் தடித்த கற்றை, வெளிச்சமான இடங்களில் இந்த 0.7 மில்லிமீட்டரை நிரப்பிவிடும். இருண்ட இடங்களில் மெலியும். ஒரே படத்தில் கோடுகள் ஓரிடம் தெரிந்தும் ஓரிடம் மறைந்தும் நிற்பதால் வட்டங்கள் வட்டமாகவும் முகங்கள் முகமாகவும் படும். 20 அங்குல ஸ்டூடியோ மானிட்டரில் கோட்டுக்கு ஒரு மில்லிமீட்டர் இடம் உண்டு, கற்றையும் மெலிது. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தால் ஜன்னல் சட்டத்தின் வழியே பார்ப்பதுபோல் இருக்கும். சிலருக்கு அது பிடிக்கும். ஆனால் அந்தக் காலத்து ஓவியர்கள் கண்ட தோற்றம் அதுதான் என்று சொல்வது சரியல்ல.

ஓவியர்கள் மங்கலை எதிர்பார்த்தே வரைந்ததற்குச் சான்று உண்டு. 1991இல் மெகா டிரைவுக்கு வந்த சோனிக் ஆட்டத்தின் முதல் கட்டத்தில் ஓர் அருவி வரும். அது ஒரு புள்ளி விட்டு ஒரு புள்ளி வரைந்த செங்குத்துக் கோடுகளால் ஆனது. கலந்த சிக்னலில் வீட்டுப் பெட்டிக்குப் போனால் கோடுகள் ஒன்றோடொன்று கரைந்து, பின்னாலுள்ள பாறை தெரியும் கண்ணாடித் தண்ணீராகிவிடும். மூன்று கம்பி வழியாக ஸ்டூடியோ மானிட்டருக்குப் போனால் தண்ணீர் இல்லை, கம்பி வேலிதான். பிளேஸ்டேஷன் 2க்கு வந்தால் நிலைமை தலைகீழ். அது 640 புள்ளிகள் வரை அகலமான படத்தைத் தரும். தேவை 480 கோடுகளாகிறது. சிறிய எழுத்துகள் நிறைந்த ஆட்டங்களை 14 அங்குலப் பெட்டியில் ஏவி கம்பியால் படிப்பது கண்ணுக்குத் தண்டனை. அங்கே ஸ்டூடியோ மானிட்டரோ, குறைந்தபட்சம் ஒளியையும் நிறத்தையும் தனித்தனியாக வாங்கும் காம்பொனன்ட் துளையுள்ள 21 அங்குலத் தட்டைமுகப் பெட்டியோ வேண்டும்.

கற்றைகளைத் தத்தம் நிறத்தின் மேல் மட்டும் விழவைக்கும் உலோகத் தடுப்பில் இரு வகை உண்டு. பெரும்பாலான வீட்டுப் பெட்டிகளில் சிறு துளைகள் இட்ட தகடு. 1968இல் சோனி கொண்டுவந்த டிரினிட்ரானில் செங்குத்தாக இழுத்துக் கட்டிய மெல்லிய உலோக இழைகள். சோனியின் ஸ்டூடியோ மானிட்டர்கள் இரண்டாம் வகை. இழைகள் ஆடாமல் இருக்கக் குறுக்கே கட்டிய கம்பியின் நிழல் வெள்ளைத் திரையில் மெல்லிய கோடாகத் தெரியும். பழுதென்று எண்ணி மெக்கானிக்கிடம் தூக்கிப் போனவர்கள் உண்டு. டிரினிட்ரான் ஸ்டூடியோவுக்கு மட்டும் உரியதும் அல்ல. இந்தியாவில் விற்ற சோனி வீட்டுப் பெட்டிகளிலும் அது இருந்தது.

திருவண்ணாமலையின் இருப்பிடம் கணக்கில் வருவது இங்கேதான். எலக்ட்ரான் கற்றையைக் காந்தம் வளைக்கும். பூமியும் ஒரு காந்தம். காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் தென்முனையை ஒட்டிச் செல்கிறது. 1963இல் தும்பாவில் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கு அதுவே காரணம். தடையின்றித் தொங்கவிட்ட காந்த ஊசி லண்டனில் தரையை நோக்கி 60 பாகைக்கு மேலும், டில்லியில் 40 பாகைக்கு மேலும் சாயும். திருவண்ணாமலையில் பத்துப் பன்னிரண்டு பாகை அளவே சாயும். அதாவது காந்தப்புலத்தின் செங்குத்துக் கூறு இங்கே மிகச் சிறியது. தெற்கு வடக்காகப் படுத்த கூறே பெரியது.

செங்குத்துக் கூறு கற்றையை இடம் வலமாகத் தள்ளும். நிறப் பட்டைகள் செங்குத்தாக நிற்பதால் இடம் வலமாகத் தள்ளப்பட்ட கற்றை பக்கத்து நிறத்தில் விழுந்து திரையில் திட்டு உண்டாகும். அதனால்தான் குழாய்களை வட அரைக்கோளம், தென் அரைக்கோளம், நடுக்கோட்டுப் பகுதி என்று விற்பனை இடத்தைப் பொறுத்துச் சரிசெய்து அனுப்பினார்கள். ஐரோப்பாவிலோ அமெரிக்காவிலோ வேலை செய்த ஸ்டூடியோ மானிட்டரைத் திருவண்ணாமலைக்குக் கொண்டுவந்தால், பழைய ஊரின் செங்குத்துக் கூறுக்காக ஈடு செய்த அளவு இங்கே பிழையாகிவிடும். மூலைகளில் நிறம் மாறும். காந்தம் நீக்கும் பொத்தானை அழுத்தினால் ஓரளவு தேறும்; முழுமையாகத் தேறக் குழாயின் கழுத்திலுள்ள வளையங்களை ஒரு தேர்ந்த கை மறுபடி அமைக்க வேண்டும். இந்தியாவில் வாங்கிய வீட்டுப் பெட்டிக்கு இந்தத் தொல்லை அவ்வளவாக இல்லை. அயல்நாட்டு மானிட்டரை வாங்குவோர் கவனிக்க மறக்கும் செலவு இது.

படுத்த கூறின் வேலை வேறு. பெட்டி கிழக்கையோ மேற்கையோ பார்த்திருந்தால் அது கற்றையை மேலோ கீழோ சற்றுத் தள்ளும். செங்குத்துப் பட்டைகளில் அதனால் நிறம் மாறாது. பெட்டி வடக்கையோ தெற்கையோ பார்த்திருந்தால் கற்றையின் திசையும் புலத்தின் திசையும் ஒன்றாகிப் படம் முழுவதும் சற்றே சுழலும். மாரியோ நடக்கும் தரை ஒருபக்கம் சரியும். ஸ்டூடியோ மானிட்டர்கள் பலவற்றில் இந்தச் சாய்வை நேராக்கத் தனிச் சுருளும் அமைப்பும் உண்டு. 14 அங்குல வீட்டுப் பெட்டியில் இல்லை. அதற்கு எளிய வழி, பெட்டியைத் திருப்பி வைப்பதுதான். வாஸ்து பார்த்து டி.வி. வைத்த வீடுகளில் இந்த யோசனை எடுபடுமா என்பது வேறு விஷயம்.

திசை மாற்றியபின் காந்தம் நீக்க வேண்டும். வீட்டுப் பெட்டி ஒவ்வொரு முறை மின்சாரம் வரும்போதும் இதைத் தானே செய்யும். ஆனால் அதற்கான உறுப்பு ஒருமுறை சூடானால் ஆறுவதற்குச் சில நிமிடங்கள் தேவை. 2012ஐ ஒட்டிய ஆண்டுகளில் சென்னைக்கு வெளியே மின்வெட்டு நீண்டபோது, போன மின்சாரம் உடனே திரும்பி வந்த வீடுகளில் பெட்டியில் இந்த வேலை நடக்காமலே போனது. திரையின் மூலையில் பச்சைத் திட்டு தெரிந்தால் குழாய் போய்விட்டது என்று முடிவுகட்டும் முன், அரைமணி நேரம் அணைத்துவைத்துப் போட்டுப் பார்ப்பது நல்லது. ஒலிபெருக்கியை அருகில் வைப்பதும் இதே திட்டை உண்டாக்கும்.

மின்னழுத்தத்திலும் வீட்டுப் பெட்டி இந்த மண்ணுக்கே பழகியது. இந்தியாவுக்கென்று செய்த பெட்டிகளின் மின்பகுதி ஏறி இறங்கும் அழுத்தத்தைத் தாங்கும்படி அமைந்தது. மானிட்டர் நிலையான மின்சாரமும் குளிரூட்டிய அறையும் கண்டது. சித்திரை வெயிலில் ஓட்டு வீட்டில் மணிக்கணக்காக ஓட்ட ஸ்டெபிலைசரும் காற்றோட்டமும் வேண்டும். மறுபுறம், அழுத்தம் மாறும்போது படம் விரிந்து சுருங்குவது மலிவான பெட்டியின் நோய். வெள்ளைத் திரை மின்னும்போது ஓரங்கள் வெளியே தள்ளும். மானிட்டர் அப்படி மூச்சு வாங்காது. நிறத்தின் துல்லியத்திலும், நேர்கோடு நேர்கோடாக நிற்பதிலும், படத்தின் விளிம்பு வரை காட்டுவதிலும் அது மேலானது என்பதில் சந்தேகமில்லை. வீட்டுப் பெட்டி விளிம்பில் ஐந்தாறு சதவீதத்தைச் சட்டத்துக்குப் பின்னால் ஒளித்துவிடும். உயிர் எண்ணிக்கை மூலையில் காட்டப்படும் ஆட்டங்களில் அது இடைஞ்சல்.

பழுதுபார்ப்பில் கதை திரும்புகிறது. பெட்டி டி.வி.யைத் திறந்து பழகிய மெக்கானிக்குகள் சிற்றூர்களிலும் இருக்கிறார்கள். எல்.ஓ.டி. என்ற உயரழுத்த மின்மாற்றி போனாலும் கண்டென்சர் ஊதினாலும் மாற்றுவார்கள். உள்பலகை முழுவதும் கெட்டால் ‘கிட்’ என்ற பொதுப் பலகையைப் போட்டுக் குழாயை ஓடவைப்பார்கள். ஒளி மங்கிய குழாயின் கழுத்தை வெட்டிப் புதிய எலக்ட்ரான் கன் பொருத்தும் ‘ரீகன்’ தொழிலும் ஒருகாலத்தில் நடந்தது. கிட் போட்ட பெட்டியில் படத்தின் வடிவமும் நிறமும் குழாய்க்குப் பொருந்தாமல் போக வாய்ப்பு அதிகம் என்பதால், கேமுக்கு வாங்குவோர் பின்மூடியைத் திறந்து பார்ப்பது தகும். ஸ்டூடியோ மானிட்டருக்கோ சுற்று வரைபடம் கிடைத்தாலும் உதிரி கிடைப்பது அரிது. அது பார்த்த வேலையும் கடுமையானது: நிலையங்களில் இரவு பகலாக எரிந்திருக்கும், கண்காணிப்பு அறையில் இருந்ததென்றால் நான்கு கட்டத்தின் குறுக்குக்கோடு திரையிலேயே பதிந்திருக்கும். தேய்ந்த மானிட்டரைவிட, பரணில் தூங்கிய இலவச டி.வி. நல்ல படம் காட்டும்.

துப்பாக்கி ஆட்டங்களில் இரண்டும் சமம். டக் ஹன்ட்டில் விசையை அழுத்தியதும் திரை கணநேரம் கருத்து, வாத்து இருந்த இடத்தில் வெள்ளைக் கட்டம் தோன்றும். துப்பாக்கியின் கண் அந்த ஒளியைப் பிடிக்கும். படத்தைச் சேமித்துத் தாமதமாகக் காட்டும் தட்டைத் திரையில் இது நடக்காது. படக்குழாய் என்றாலும் நொடிக்கு 100 முறை மின்னும் உயர்ரக வீட்டுப் பெட்டிகள் இதில் தோற்கும், அவையும் படத்தை உள்ளே சேமிப்பதால். ஒலியில் வீட்டுப் பெட்டிக்கே வெற்றி. மானிட்டரில் இருப்பது அறிவிப்பு கேட்கப் போதுமான ஒரு சிறு ஒலிபெருக்கி.

வீட்டுப் பெட்டியின் மென்மையையும் மானிட்டரின் மூன்று கம்பி வசதியையும் ஒன்றாக்க ஒரு நடுவழி உண்டு. ரிமோட்டை அழுத்தினால் திரையில் வரும் பச்சை எழுத்துகளும் ஒலி அளவுப் பட்டையும் பெட்டிக்குள் தனித்தனி நிறக் கம்பிகளாகவே குழாய்க்குப் போகின்றன. அந்தப் பாதையில் கேம் கருவியின் மூன்று நிறங்களையும் நுழைத்துவிடலாம். ஐரோப்பாவில் இதற்கெனத் துளையே பெட்டியில் இருந்தது; இந்தியப் பெட்டிகளில் பெரும்பாலும் இல்லாததால் உள்ளே பற்றவைக்க வேண்டும். நிறமும் தெளிவும் மானிட்டரை நெருங்கும், கற்றையின் தடிப்பு வீட்டுப் பெட்டியாகவே இருக்கும். பலருக்கு இதுவே உகந்த சேர்க்கை. ஆனால் குழாயின் பக்கவாட்டு மூடிக்குக் கீழ் 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும், அணைத்த பின்னும் தங்கும். பழைய பெட்டிகள் சிலவற்றில் உள் உலோகமே நேராக மின்சாரத்தோடு தொடர்புடையது. அவற்றில் ஏவி துளையைத் தாமே பொருத்திக்கொள்வது உயிருக்கு ஆபத்து. கைதேர்ந்த மெக்கானிக்கைத் தவிர வேறெவரும் செய்யத்தக்கதல்ல.

இரு வகைக் குழாய்களின் முடிவும் ஒன்றே. பின்பக்கக் கண்ணாடியில் எடையில் ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல் ஈய ஆக்சைடு கலந்திருக்கும். காயலான் கடையில் செம்புக் கம்பிச் சுருளுக்காகக் கழுத்தை உடைத்துவிட்டு மிச்சத்தை ஏரிக்கரையில் கொட்டினால் அந்த ஈயம் மண்ணுக்குப் போகும். 2012 மே முதல் நடைமுறைக்கு வந்த மின்கழிவு விதிகளும் அவற்றைத் தொடர்ந்து வந்தவையும் படக்குழாய்ப் பெட்டிகள் பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமே போய்ச் சேர வேண்டும் என்கின்றன. ஓடும் நிலையிலுள்ள பெட்டி காயலான் கடைக்குப் போகும்போது பேசப்படுவது எடைக்கான விலை. அதே பெட்டியில் ஏவி துளையும் சாயாத படமும் மங்காத சிவப்பும் இருந்தால், ஃபேமிகாம் நகல் வைத்திருப்பவருக்கு அதைவிட ஏற்ற திரை கடல் கடந்து வர வேண்டியதில்லை.